விரல் வைக்காத தந்தி

"டீச்சர், ஒரு துரோகி பேரை நான் எப்படி வாசிக்கிறது?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பொன்னுரங்கம் கேட்டுவிட்டார்.

பிலோமினா டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் வியோலாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயலினுக்கு அக்கா போல, கொஞ்சம் பெரிய உடம்பும் கனத்த குரலும் உள்ள வாத்தியம் அது. அவர் நிமிரவில்லை.

"உட்காரு. எந்தத் துரோகி?"

"வரிசையாச் சொல்றேன்."

"வரிசை வேண்டாம். பேரைச் சொல்லு."

"வரிசை வேணும் டீச்சர். வரிசை இல்லாத புகார் வெறும் புலம்பல்."

மேடைதோறும் அவர் சொல்லிவந்த வாக்கியம் அது. துண்டுப் பிரசுரத்திலும் அச்சடித்திருக்கிறார், தடித்த எழுத்தில். பள்ளிக்கூடம் அவரை எட்டாவதோடு அனுப்பிவிட்டது. மீதியைப் பிரசுரங்கள் படிக்கவைத்தன.

"சரி, சொல்லுங்க தலைவரே."

"முதலாவது. ஸ்டூடியோவுல நடிகருக்கு ஃபேன் போட்ட ரூம்ல சாப்பாடு. வாத்தியக்காரனுக்கு வேப்பமரத்தடி. காக்கா எச்சம் விழுந்த இலையில சாப்பிட்டோம்."

"ம்."

"இரண்டாவது. பாடகருக்குத் தொண்டை கட்டினா ரெக்கார்டிங் தள்ளிப்போகும். வயலின்காரனுக்குக் காய்ச்சல்னா வயலின்காரன் மாறிப்போவான்."

"ம்."

"மூணாவது. படத்துல குதிரைக்காரன் பேர் வந்துச்சு. ஒரு படத்துல குதிரை பேரே வந்துச்சு. எங்க பேர் வரலை."

"குதிரை பேர் என்ன?"

"டீச்சர்!"

"கோவிக்காதே. நாலாவது."

"நாலாவது. இதையெல்லாம் கேட்கப் போன எங்களை மேனேஜர் பார்க்கலை. வாட்ச்மேனை விட்டு விசில் ஊதி விரட்டினான், ஆடு மாதிரி."

கொஞ்சம் நிறுத்தினார். மேடையிலும் இந்த இடத்தில் நிறுத்துவார்.

"அஞ்சாவது. அது முதலாளி செஞ்சதில்லை. நம்ம ஆள் செஞ்சது. ஸ்ட்ரைக் அன்னிக்குக் காலையில ஸ்டூடியோ இரும்புக் கதவை இந்த ரெண்டு கையாலயும் நான்தான் இழுத்துச் சாத்தினேன். சாத்திட்டுத் திரும்பினா, அப்பத்தான் உள்ளேயிருந்து வந்தவன் ஒருத்தன் நிக்கிறான். தோள்ல ஆள் உயரச் செல்லோ. நாங்க வெளியே தொண்டை வத்தக் கத்துறோம், அவன் உள்ளே வாசிச்சுட்டு வர்றான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கையைத் துண்டுல சுத்தி மறைச்சுக்கிட்டு ஓடினான். துண்டுக்குள்ள என்ன இருந்திருக்கும்? கூலி."

டீச்சரின் துணி நின்றது.

"சவரிராயன்," என்றார் டீச்சர்.

"அவனேதான்."

சவரிராயன் போன மாதம் இறந்துபோயிருந்தார்.

வாத்தியக்காரர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் ஸ்ட்ரைக் நாளன்று மாலை எல்லோரும் கூடுவார்கள். ஸ்ட்ரைக்கில் நின்று பின்னாளில் இறந்துபோனவர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்வார்கள். முதலில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம் வாத்தியம். கடைசியில் பெயர். பெயரைக் கேட்டதும் கூட்டம் எழுந்து, "இருக்கிறார்" என்று பதில் சொல்லும்.

வாசிப்பவர் எப்போதும் பொன்னுரங்கம். அந்த வேலையை அவரிடமிருந்து வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

சவரிராயனின் மகள் சங்கத்துக்கு வந்திருந்தாள். "எங்க அப்பா பேரையும் வாசிங்க" என்று கேட்டாள். செயலாளர் உமாபதி, "பொன்னுரங்கம் அண்ணன் சொன்னா வாசிக்கலாம்மா" என்று நழுவிவிட்டான்.

கூட்டம் இன்று ஏழு மணிக்கு. இரண்டு தெரு தள்ளி.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர். உங்க அப்பா பேர் அந்த வரிசையில வராதும்மா, அவ்வளவுதான். நான் சொன்னா பகைன்னு நினைக்கும். நீங்க அவனோட வாசிச்சவங்க. நாலு பேர்ல மிச்சம் நீங்கதான்."

நாலு பேர் என்றால் அந்த நாலு பேர். முதல் வயலின் ஜோசப், இரண்டாம் வயலின் சேஷாத்ரி, வியோலா பிலோமினா, செல்லோ சவரிராயன். பகலெல்லாம் சினிமாப் பாட்டுக்கு வாசித்துவிட்டு, சாயங்காலம் பக்கத்து மாதா கோயில் ஹாலில் தங்களுக்காக வாசித்தவர்கள். கேட்க ஆள் இருக்காது. பங்குச் சாமியார் சில நாள் வந்து கடைசி பெஞ்சில் தூங்குவார்.

அந்த ஹாலில்தான் பொன்னுரங்கம் சுரம் எழுதிய நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொண்டார். காதால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த இருபது வயது வயலின்காரனை எதிரே உட்காரவைத்து, ஜெர்மன்காரர் ஒருவர் எப்போதோ எழுதிய நால்வர் இசையைக் காட்டிக் கற்றுக்கொடுத்தவர் பிலோமினா. அவருக்கும் அன்று பெரிய வயசில்லை.

"எத்தனை வருஷமாச்சு இந்த வாசல்ல உன் செருப்பைப் பார்த்து," என்றார் டீச்சர்.

"அவனோட வாசிச்சவங்க வீட்டுக்கு நான் எப்படி வருவேன்?"

"இன்னிக்கு எப்படி வந்தே?"

பொன்னுரங்கம் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். 'எழுக தோழா' என்று தலைப்பு வைத்துப் பிரசுரம் எழுதிவிடலாம். இதற்குப் பதில் எழுத முடியாது.

"அந்த டேப் வச்சிருக்கியா?" டீச்சர் கேட்டார்.

பொன்னுரங்கம் பைக்குள் கையை விட்டார். இருந்தது. எப்போதும் இருக்கும். ஸ்ட்ரைக் நடந்த வாரத்தில் அந்த நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்து அந்த ஜெர்மன்காரர் இசையை வாசித்ததைச் சாமியார் தன் ஸ்பூல் மெஷினில் பிடித்துவைத்தார். பின்னால் அது கேசட்டாகக் கைமாறியது. துரோகியின் செல்லோ அதில் இருக்கிறது என்று தெரிந்தும் பொன்னுரங்கம் அதைத் தூக்கிப்போடவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

டீச்சர் டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டார்.

முதல் வயலின் மெல்ல வந்தது. அடியில் செல்லோ, நீளமாக, ஒவ்வொரு சுரமாக. பொன்னுரங்கத்தின் கண் தானாக மூடிக்கொண்டது. வேப்பமரம் வந்தது. மழை பெய்தால் வயலின் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தான் நனைந்த நாட்கள் வந்தன. சேஷாத்ரியின் வெற்றிலை வாசனைகூட வந்தது.

"ஸ்கேல் என்ன?" டீச்சர் கேட்டார்.

"ஜி மேஜர்."

"உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது?"

"ஏ ஃபிளாட். இதுக்கு அரைச் சுரம் மேலே. நோட்டு ஆரம்பத்துல நாலு ஃபிளாட் குறி. நாலு போலீஸ்காரன் வரிசையா நிக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"டெம்போ?"

"நடந்து போறவன் வேகத்துல போகவேண்டியது. இங்க வயசானவன் மாடிப்படி ஏறுற மாதிரி போகுது."

"ஏன்?"

"மெஷின் கோளாறு. பிடிக்கும்போது மோட்டார் வேகமாச் சுத்தியிருக்கும். சரியான வேகத்துல போட்டா ஸ்கேலும் இறங்கும், டெம்போவும் இறங்கும். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

டீச்சர் டேப்பை முன்னுக்கு ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன டீச்சர்?"

"பொறு."

வெளியே தெருவில் பூக்காரி யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டோ போயிற்று.

மாதா கோயில் மணி அடித்தது. ஆறு மணி செபத்துக்கான மணி.

டீச்சர் பட்டனை அழுத்தினார்.

டேப்பின் கடைசியிலும் ஒரு மணி. அன்றைக்கும் வாசித்து முடிக்கும்போது ஆறு ஆகியிருந்தது. அன்றைய மணியும் இன்றைய மணியும் ஒன்றாக அடித்தன. ஒரே மணி, ஒரே சுருதி. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட இல்லை.

பொன்னுரங்கம் தலையைத் தூக்கினார். வயசு காலைத்தான் தின்றிருந்தது. காதைத் தின்னவில்லை.

"மெஷின் யோக்கியன்," என்றார் டீச்சர். "வேகம் மாறியிருந்தா மணியும் இறங்கியிருக்கும்."

"அப்போ நீங்களே இறக்கியிருக்கீங்க."

"ஆமா."

"தெரியும். எனக்கு அப்பவே தெரியும்." அவர் குரல் மேடைக்கு ஏறியது. "மெஷின்னு சும்மா சொல்லிப்பார்த்தேன். சோகத்துக்காக இறக்கினீங்க. போராட்டத்துக்குப் பாடின ஒப்பாரி இது. நம்மள ஒருத்தன் வித்துட்டான்னு தெரிஞ்சு வாசிச்சீங்க. எத்தனை கூட்டத்துல நான் இதைச் சொல்லியிருக்கேன்! மணிக்கு முன்னாடி யாரோ விம்முற சத்தம்கூடக் கேட்குமே, அது ஜோசப்தானே?"

டீச்சர் எழுந்தார். மேசையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார்.

"இடது கையைக் கொடு."

"எதுக்கு?"

"கொடுன்னா கொடு."

கொடுத்தார். எழுபத்து மூன்று வயதுத் தலைவர், பிரம்படி வாங்க வந்த பையனைப் போல நீட்டினார். டீச்சர் அவர் நாலு விரல்களையும் சேர்த்து, கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார். முடிச்சுப் போட்டார். பிறகு தன் வியோலாவை அவர் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வைத்து, வலது கையில் வில்லைக் கொடுத்தார்.

"செல்லோ வாசிக்கிறதை வாசி."

"கையைக் கட்டிட்டு வாசின்னா எப்படி? இது என்ன சர்க்கஸா?"

"வாசி."

டேப்பை முதலிலிருந்து போட்டார்.

வியோலாவுக்கும் செல்லோவுக்கும் தந்தி ஒன்றேதான். சி, ஜி, டி, ஏ. செல்லோவில் ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதான். பொன்னுரங்கத்தால் எந்தத் தந்தி மேலும் விரல் வைக்க முடியாது. சும்மா கிடக்கும் தந்தியை வில்லால் இழுக்கலாம். அதை மட்டும்தான் செய்யலாம்.

இழுத்தார்.

செல்லோவின் முதல் சுரம் ஜி. அவர் வில்லின் கீழேயும் ஜி.

அடுத்தது டி. இருந்தது.

அடுத்தது சி. இருந்தது. மறுபடி ஜி.

பொன்னுரங்கத்தின் நெற்றி சுருங்கியது. வில் நிற்கவில்லை. செல்லோ எங்கே போனாலும் அவருக்குத் தந்தி காத்திருந்தது. விரலே தேவைப்படவில்லை.

ஓரிடத்தில் மெட்டு வேறு சுரம் கேட்டது. அவரிடம் இல்லை. வில் அந்தரத்தில் நின்றது.

டேப்பிலும் செல்லோ நின்றிருந்தது. அந்த இடத்தை வேறொரு வாத்தியம் ஓடிவந்து நிரப்பிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது.

"அது நான்," என்றார் டீச்சர். "என் பார்ட்டையும் வாசிக்கணும், அவன் பார்ட்ல ஓட்டையையும் அடைக்கணும். வேகமாப் போனா முடியுமா? அதான் படி ஏறினோம்."

பொன்னுரங்கம் வியோலாவை மடியில் இறக்கினார். டேப் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் ஏன் விரல் வைக்கலை?"

"வைக்க விரல் இல்லை. மூணு விரல் உடைஞ்சு வீங்கிக் கிடந்துச்சு. ஜோசப்தான் சொன்னார், ஜி-க்கு இறக்கினா சவரிக்கு விரலே வேண்டாம்னு. பார்ட்டையெல்லாம் ஒரே மத்தியானத்துல மாத்தி எழுதினார்."

"எப்படி உடைஞ்சுது?"

"கதவு."

"எந்தக் கதவு?"

டீச்சர் அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தார்.

பொன்னுரங்கம் வில்லைக் கீழே வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே பூக்காரியின் சண்டை ஓய்ந்திருந்தது. பிறகு அவர் கேட்டது மேடைக் குரலில் இல்லை.

"உள்ளே எதுக்குப் போனான்?"

"நீ வயலின்காரன். பெட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஸ்ட்ரைக் பண்ணலாம். செல்லோவை எந்த பஸ்ல ஏத்துவான்? கண்டக்டர் விடுவானா? அது எப்பவும் ஸ்டூடியோ வாத்திய ரூம்லதானே கிடக்கும். அதை உள்ளே விட்டுட்டு வந்தா, மத்தியானமே வேற எவனாவது எடுத்து வாசிப்பான். வாத்தியத்தையும் ஸ்ட்ரைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் விடியக்காலையில போனான்."

"என்கிட்ட சொல்லலையே."

"நீ தலைவரு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சான்."

பொன்னுரங்கம் கட்டிய கையைப் பார்த்தார்.

"வாத்தியம் வெளியே வந்துடுச்சு," என்றார் டீச்சர். "கை வரலை. கத்தினானாம். உங்க கோஷத்துல எவன் காதுல விழும்? கதவு ஒரு தடவை ஆடி விலகிச்சு. அப்போ உருவிக்கிட்டான்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"ஸ்ட்ரைக் முடியட்டும், சொல்றேன்னான். இப்போ சொன்னா பொன்னுரங்கம் உடைஞ்சுபோவான், கூட்டத்தை யார் நடத்துறதுன்னான். ஸ்ட்ரைக் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே நீ மேடை ஏறித் துரோகின்னு அவன் பேரை வாசிச்சுட்டே."

வாசித்தார். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வேப்பமரத்தடிக்குப் பதில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கொட்டகை வாங்கிய வெற்றிக் கூட்டம். கைதட்டல் நிற்கவே இல்லை.

"நீங்களாவது வந்து சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"வந்தேன். நீ பிரசுரத்துக்கு ப்ரூஃப் பார்த்துக்கிட்டிருந்தே. துரோகிங்க கூட வாசிக்கிறவங்ககிட்ட பேச்சில்லைன்னு ஆள் விட்டுச் சொன்னே. சவரியும் வேண்டாம்னுட்டான். விரல் போனவன்னு தெரிஞ்சா எந்த மியூசிக் டைரக்டர் கூப்பிடுவான்? துரோகின்னா கூப்பிடுவான். வீட்டுல மூணு பொண்ணு."

டேப்பில் படி ஏறுவது முடியும் தறுவாயில் இருந்தது. பொன்னுரங்கம் ஒன்றை நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் சவரிராயன் வாசித்ததெல்லாம் நீளமான சுரங்கள்தான். துரோகிக்குச் சுலபமான வேலை கொடுக்கிறான் முதலாளி என்று அவர் தேநீர்க்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சவரிராயன் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். டீயை வலது கையால் குடித்தார், இடது கை துண்டுக்கடியில் இருந்தது.

"அப்போ அந்தச் சோகம்?" அவர் கேட்டார். "இவ்வளவு வருஷமா நான் கேட்டேனே. அது பொய்யா?"

"கேளு," என்றார் டீச்சர்.

கடைசிச் சுரம் அடங்கியது. மணிக்கு முன்னால் அந்தச் சின்னச் சத்தம் வந்தது. விம்மல்.

டீச்சர் ஒலியைக் கூட்டி, மறுபடி ஓடவிட்டார்.

விம்மல் இல்லை. ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக விட்டுவிடுகிறார்.

"விரலே இல்லாம வாசிச்சே, இனிமே வில்லும் இல்லாம வாசிடான்னு சேஷாத்ரி காதுல சொன்னான். சிரிச்சது சவரி."

மணி அடித்தது, டேப்பில்.

பொன்னுரங்கம் எழுந்தார். காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். முடிச்சை அவிழ்க்க டீச்சர் கையை நீட்டினார். அவர் கட்டோடு தன் கையை இழுத்துக்கொண்டார்.

"கேசட்?"

"இருக்கட்டும் டீச்சர். வந்து வாங்கிக்கிறேன்."

"வருவியா?"

அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

சங்கத்து ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நரைத்த தலைகள் ஒன்றிரண்டாக வந்து உட்கார்ந்தன. கடைசி வரிசையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்து போக வசதியாக, ஓர நாற்காலியில்.

உமாபதி ஓடிவந்தான். "அண்ணே, லேட்டாச்சு. கையில என்ன கட்டு?"

"கதவு."

"ஐயோ, எந்தக் கதவுண்ணே?"

அவர் மேடைக்குப் போனார். உமாபதி நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. அவர் அதை வலது கையால் பக்கம் இழுத்தார்.

"வழக்கமா ஜோசப் பேர்ல தொடங்குவோம்," என்றார். "இன்னிக்கு வரிசை மாறுது."

கூட்டம் நிமிர்ந்தது.

"ஸ்ட்ரைக் அன்னிக்குக் காலையில தனியா உள்ளே போய், தன் வாத்தியத்தை வெளியே தூக்கிட்டு வந்தவர். அதுக்காக இடது கையைக் கதவுக்குக் கொடுத்தவர். கொடுத்ததை யார்கிட்டயும் சொல்லாதவர். கதவைச் சாத்தினவன் பொன்னுரங்கம். இதே மேடையில அவரைத் துரோகின்னு வாசிச்சவனும் பொன்னுரங்கம். நீங்கள்லாம் சாட்சி."

கடைசி வரிசையில் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். பெயர் இன்னும் வரவில்லை. பெயர் வந்த பிறகுதான் எழுவது வழக்கம்.

பொன்னுரங்கம் கட்டுப் போட்ட கையை உயர்த்தினார்.

"வாத்தியம், செல்லோ.

"பேர், சவரிராயன்."